லண்டன் வீட்டில் ஓர் அறையை லாட்ஜருக்கு விடுவது: சட்டம், வரி, பூட்டு, குசினி

ஈஸ்ட்ஹாம்_மகள்

வணக்கம். அம்மாவுக்காகக் கேக்கிறன். அவ ஈஸ்ட் ஹாமில மூண்டு அறை டெரஸ் (வரிசை) வீட்டில தனிய இருக்கிறா. வீடு அவவின்ர பேரில, மோர்கேஜ் முடிஞ்சுது. ஒரு அறையை லொட்ஜருக்கு (கூடவே அதே வீட்டில தங்கிற வாடகை ஆளுக்கு) குடுக்கலாம் எண்டு யோசிக்கிறம். பில் எல்லாம் சேர்த்து மாசம் 850 பவுண்ஸ்.

பின்பக்க அறையில சின்ன ஷவர், சிங்க், ஹொப் (அடுப்பு) எல்லாம் போட்டு, பக்கவாசல் சாவியையும் குடுத்தா ஆருக்கும் கரைச்சல் இல்லை எண்டு அண்ணா சொல்றார். சரியோ? அம்மா ஒவ்வொரு மாரிக்கும் மூண்டு மாசம் யாழ்ப்பாணம் போறவ, அந்த நேரம் லொட்ஜர் தனிய நிண்டா பிரச்சினை வருமோ? இப்ப தனிய இருக்கிறதால கவுன்சில் டாக்ஸில 25 வீதக் கழிவு இருக்கு, பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைஞ்ச வயசான ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) வருது. "தமிழ் ஆக்கள் மட்டும்" எண்டு கடைக் கண்ணாடியில ஒட்டலாமோ?

வீட்டுச்சாவி

முதல்ல அந்த ஹாப் யோசனையை நிறுத்துங்க. மத்த கேள்விகள்ல பாதிக்குப் பதில் அதுலதான் இருக்கு.

இங்கிலாந்து சட்டப்படி, வீட்டுக்காரர் அந்த வீட்டையே தன்னோட ஒரே வீடாவோ முக்கிய வீடாவோ வச்சு வாழ்ந்துக்கிட்டு, கிச்சன், பாத்ரூம், உட்கார்ற அறை இதுல ஒண்ணையாவது லாட்ஜரோட பகிர்ந்துக்கிட்டா, அந்த லாட்ஜருக்கு வெளியேற்றப் பாதுகாப்பு ரொம்பக் குறைவு. 1977-ம் வருஷ வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டத்தோட 3ஏ பிரிவு இது. நியாயமான அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தந்தா போதும், கோர்ட் ஆர்டர் வேண்டாம். மாச வாடகைன்னா ஒரு மாசம், வார வாடகைன்னா ஒரு வாரம்ங்கறது பொதுவான வழக்கம்.

பகிர்வுன்னா என்னன்னு சட்டம் தெளிவா சொல்லுது: படிக்கட்டு, நடை, சாமான் போட்டு வைக்கிற இடம் இதெல்லாம் கணக்குல சேராது. உங்க அண்ணா சொல்ற மாதிரி தனி ஷவர், தனி ஹாப், தனி வாசல் எல்லாம் வந்துட்டா பகிர்ற இடம்னு ஒண்ணுமே மிஞ்சாது. அதுக்கப்புறம் அந்த ஆள் போக மாட்டேன்னா கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும். ஒப்பந்தத்துல "லாட்ஜர்"னு எழுதினா மட்டும் காப்பாத்தாது. காகிதத்துல என்ன பேர் வச்சிருக்குங்கறதை விட நடைமுறையில என்ன நடக்குதுங்கறதைத்தான் பார்க்கணும்னு 1985-ல ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்குலயே பிரபுக்கள் சபை சொல்லிடுச்சு.

இன்னும் இருக்கு. தனியா இயங்கற பகுதின்னு ஆயிட்டா அதுக்குத் தனி கவுன்சில் டாக்ஸ் பேண்ட் போட வாய்ப்பு உண்டு. பிளானிங், பில்டிங் கண்ட்ரோல் கேள்விகள் வரும். வீட்டுல ஒரு அறையை வாடகைக்கு விடறவங்களுக்கான வரிச் சலுகையும் தனி ஃப்ளாட்டா மாத்தின பகுதிக்குக் கிடையாது. ஷவர் மட்டும் போடுறதுல தப்பில்லை, கிச்சன் பொதுவா இருக்கட்டும். அம்மா தினமும் பயன்படுத்துற அதே கிச்சனை லாட்ஜரும் பயன்படுத்தணும், அதை ஒப்பந்தத்துலயும் எழுதுங்க.

கணக்குப்பிள்ளை

வரிப் பக்கம் நான் சொல்றேன்.

ரென்ட் எ ரூம் ஸ்கீம்: ஒரு வரி வருஷத்துக்கு (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) 7,500 பவுண்ட் வரைக்கும் லாட்ஜர் வருமானத்துக்கு வரி இல்லை. 2016 ஏப்ரல்ல இருந்து இந்தத் தொகைதான், அதுக்கு முன்னாடி 4,250. அறை ஃபர்னிச்சரோட இருக்கணும், வீடு அம்மா வாழற முக்கிய வீடா இருக்கணும். மாசக் கணக்குல 625 பவுண்ட். எத்தனை மாசம் விட்டாலும், ஒரு லாட்ஜர் ஆனாலும் ரெண்டு லாட்ஜர் ஆனாலும் வரம்பு அதேதான். ரெண்டு பேர் சேர்ந்து வாடகை வாங்கினா ஆளுக்கு 3,750.

எல்லாரும் சறுக்குற இடம் இது: 7,500-ங்கறது லாபம் இல்லை, கையில வர்ற மொத்தப் பணம். கரண்ட், வைஃபை, சாப்பாடு, துணி துவைக்கன்னு லாட்ஜர் தனியாத் தர்றதும் இதுல சேரும். "வாடகை 600, பில்லுக்கு 150"ன்னு பிரிச்சு வாங்கினாலும் கணக்குல 750தான்.

உங்க 850-க்கு வருஷம் 10,200. வரம்பைத் தாண்டினதால அம்மா செல்ஃப் அசெஸ்மென்ட் ரிட்டர்ன் (வரித்துறைக்கு நாமளே அனுப்பற வருமானக் கணக்கு) போட்டே ஆகணும். வழி ரெண்டு. 7,500-ஐக் கழிச்சு மிச்சம் 2,700-க்கு மட்டும் வரி, ஆனா செலவு எதையும் கழிக்க முடியாது. இல்லைன்னா சாதாரண வாடகை மாதிரி வருமானத்துல இருந்து உண்மையான செலவுப் பங்கைக் கழிச்சு மிச்சத்துக்கு வரி. செலவு 7,500-ஐத் தாண்டினாத்தான் ரெண்டாவது வழியால லாபம், ஒரு அறைக்கு அப்படி வர்றது அபூர்வம். முதல் வழிக்கு ரிட்டர்ன்ல நீங்கதான் டிக் பண்ணித் தேர்ந்தெடுக்கணும், தானா வராது. 20 சதவீத வரிக்காரர்னா 540 பவுண்ட். அம்மாவோட மொத்த வருமானம் 12,570-க்குள்ள நின்னா அதுவும் இல்லை, ஆனா ரிட்டர்ன் போடணும். புதுசாப் பதிவு பண்ண கடைசி நாள் வரி வருஷம் முடிஞ்ச அக்டோபர் 5, ஆன்லைன் ரிட்டர்னுக்கு அடுத்த ஜனவரி 31.

வீடு விக்கறப்ப கேப்பிடல் கெய்ன்ஸ் (வித்த லாபத்துக்கான வரி) பயம் பலருக்கு. ஒரே ஒரு லாட்ஜர் குடும்பத்தோட சேர்ந்து வாழற மாதிரி இருந்தா முக்கிய வீட்டுச் சலுகை குறையாதுங்கறது வரித்துறை நிலைப்பாடு. ரெண்டாவது லாட்ஜர் வந்தா கதை மாறலாம்.

பென்ஷன் கிரெடிட்தான் இங்க பெரிய விஷயம். அதுக்கு ரென்ட் எ ரூம் வரம்பு செல்லாது, தனிக் கணக்கு. சாப்பாடு இல்லாத லாட்ஜர்னா வாரத்துக்கு 20 பவுண்ட் மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வருமானமா எடுத்துக்குவாங்க. சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தா 20 பவுண்டும், மிச்சத்துல பாதியும் விடுவாங்க. 850-ன்னா வாரத்துக்கு ஏறக்குறைய 196. சாப்பாடு இல்லாம 176 கணக்குல ஏறும், சாப்பாட்டோட 88தான் ஏறும். அம்மா எப்படியும் காலையில இடியப்பமோ தோசையோ பண்றாங்கன்னா அதை ஒப்பந்தத்துல எழுதிச் சேர்க்கறதால வர்ற வித்தியாசம் இவ்வளவு. ஆனா பேருக்கு எழுதக்கூடாது, உண்மையிலேயே சாப்பாடு போகணும். பென்ஷன் சர்வீஸுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க.

வீட்டுச்சாவி

கணக்குப்பிள்ளை சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். பென்ஷன் கிரெடிட் வாங்கறவங்க வெளிநாட்டுல நாலு வாரம் வரைக்கும்தான் இருக்கலாம். சிகிச்சை, நெருங்கிய உறவினர் மரணம் மாதிரி காரணத்துக்குத்தான் கூடுதல். மூணு மாசம் யாழ்ப்பாணம்னா லாட்ஜர் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தப் பணம் நின்னு போயிடும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க.

லாட்ஜர் பக்கத்துல இருந்து பார்த்தா மூணு மாசப் பயணம் தாங்கும். சட்டம் ரெண்டு நேரத்தைப் பார்க்குது: ஒப்பந்தம் தொடங்கறதுக்குச் சற்று முன்னாடியும், அது முடியற நேரத்துலயும் அந்த வீடு அம்மாவோட ஒரே வீடாவோ முக்கிய வீடாவோ இருக்கணும். ஊருக்குப் போய்த் திரும்பி வர்றதால அது மாறாது. அம்மாவோட அறை அவங்க சாமானோட பூட்டியே இருக்கட்டும், கவுன்சில் டாக்ஸும் பில்லும் அவங்க பேர்லயே ஓடட்டும். அந்த மூணு மாசத்துக்கு அவங்க அறையையும் வேற யாருக்காவது விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வீட்டுக்காரர் இல்லாத வீட்டுல ரெண்டு பேர்ங்கற நிலைமை வந்துடும். நோட்டீஸ் கொடுக்கறதும் ஆள் வெளியேறறதும் அம்மா வீட்டுல இருக்கற காலத்துல நடக்கற மாதிரி வச்சுக்கிட்டா வாதத்துக்கே இடமில்லை.

கவுன்சில் டாக்ஸ்: 18 வயசுக்கு மேல இன்னொருத்தர் குடிவந்தா 25 சதவீதக் கழிவு போயிடும். ஆனா முழுநேர மாணவரை அந்தக் கணக்குல எண்ண மாட்டாங்க. லாட்ஜர் முழுநேர மாணவர்னா, யுனிவர்சிட்டி தர்ற கவுன்சில் டாக்ஸ் சான்றிதழை அனுப்பிட்டாக் கழிவு அப்படியே நிக்கும். எப்படியானாலும் 21 நாளுக்குள்ள கவுன்சிலுக்குச் சொல்லணும். மாணவர் படிப்பு முடியற தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க, கழிவு அன்னிக்கு முடியும்.

ஸ்பானர்

இந்த மாதிரி வீட்டு வேலையள் செய்யிற ஆக்களில ஒருத்தன் எண்ட முறையில பாதுகாப்பைச் சொல்லுறன்.

காஸ்: சொந்த வீட்டில ஒரு அறையைக் குடுத்தாலும் காஸ் சட்டத்துக்கு அம்மாதான் வீட்டுக்காரர். வருசத்துக்கு ஒருக்கா காஸ் சேஃப் பதிவு உள்ள ஆளைக் கொண்டு பொயிலர், ஹொப், ஃபிளூ (புகைக்குழாய்) எல்லாம் பரிசோதிக்க வேணும். ஆள் குடிவர முதல் ஒரு கொப்பி குடுக்க வேணும், பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் 28 நாளுக்குள்ள. ரெண்டு வருசத்துக்குப் பதிவை வச்சிருக்க வேணும். வாறவரின்ர கார்ட்டின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ: எந்தெந்த வேலைக்குத் தகுதி எண்டு அதிலதான் இருக்கும். பொயிலருக்குத் தகுதி இருக்கிறவருக்கு ஹொப்புக்கு இல்லாமலும் இருக்கலாம்.

அலாரம்: வீட்டுக்காரர் கூட இருக்கிற வீட்டுக்கு அந்தச் சட்டம் நேரடியாப் பொருந்தாது, ஆனா போடாம விடாதேங்கோ. ஒவ்வொரு தட்டிலும் படிக்கட்டுக்கு மேல ஒரு ஸ்மோக் அலாரம். குசினியில ஸ்மோக் வேண்டாம், ஹீட் அலாரம் போடுங்கோ, இல்லாட்டி மிளகாய் வறுக்கிற ஒவ்வொரு நாளும் கத்தி, கடைசியில ஆரோ பற்றரியைக் கழட்டி வச்சிருவினம். பொயிலர் இருக்கிற இடத்தில கார்பன் மொனொக்சைட் அலாரம். ஒண்டு அடிச்சா எல்லாம் அடிக்கிற மாதிரி ரேடியோ இணைப்பு உள்ளதை வாங்குங்கோ. கதவைப் பூட்டிப்போட்டு நித்திரை கொள்ளுற லொட்ஜருக்கு கீழ்த்தட்டு அலாரம் கேளாது.

பூட்டு: அறைக்கதவுக்குக் கொக்கியும் பட்லொக்கும் போடுறதை நான் அடிக்கடி காணுறன், அது வேண்டவே வேண்டாம். உள்ளுக்க நிண்டு சாவி இல்லாமத் திருப்பித் திறக்கிற தம்ப்டேர்ன் பூட்டுத்தான் சரி. முன்கதவும் அதேதான். யூபிவிசி (பிளாஸ்டிக்) கதவை இரவில உள்ளுக்கால சாவி போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்து வைக்கிற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கு. நெருப்புப் பிடிச்சா லொட்ஜர் அந்தச் சாவியை எங்க தேடுறது? சிலிண்டரை (பூட்டில சாவி போற உருளையை) மட்டும் தம்ப்டேர்ன் உள்ளதா மாத்தினாப் போதும். கதவின்ர விளிம்பில ஒரு நீட்டு எம்5 ஸ்குரூ இருக்கும், அதைக் கழட்டி, சாவியைக் கொஞ்சம் திருப்பினா சிலிண்டர் வெளிய வரும். அளவு எடுக்கேக்க முழு நீளத்தை அளவாதேங்கோ. ஸ்குரூ போற ஓட்டையின்ர நடுவில இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனிய அளவுங்கோ, 35/45 எண்ட மாதிரி வரும். தம்ப்டேர்ன் எந்தப் பக்கம் எண்டும் கடையில சொல்ல வேணும். வெளிப்பக்கம் கதவுத் தகட்டுக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிண்டா கள்ளர் முறிச்சுப்போட்டு வருவினம். லொட்ஜர் மாறுற ஒவ்வொரு முறையும் முன்கதவுச் சிலிண்டரையும் மாத்துங்கோ, சாவி திருப்பித் தந்தாலும்.

மெத்தை, சோபா: 1988 நெருப்புப் பாதுகாப்பு ஒழுங்குவிதிக்கு ஏத்ததா இருக்க வேணும், சோபாவில அதுக்கான லேபிள் இருக்கோ எண்டு பாருங்கோ. ஆரோ தந்த பழைய சோபாவை அறைக்க போடாதேங்கோ.

ஈபைக்: டெலிவரி ஓடுற பெடியள் லொட்ஜரா வாறது கூட. நடையில, படிக்கட்டுக்குக் கீழ பற்றரி சார்ஜ் போடக் கூடாது எண்டு ஒப்பந்தத்தில தெளிவா எழுதுங்கோ. லித்தியம் பற்றரி பத்தினா வெளிய ஓடுற வழியே போயிடும்.

மீட்டர்_ரீடிங்

கூடவே குடியிருந்து லாட்ஜர் வைக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒரு மாற்றுக் கருத்து. பில் எல்லாம் சேர்த்து 850-ன்னு விடாதீங்க. குளிர்காலத்துல அறையில 2 கிலோவாட் ஹீட்டரை ராத்திரி எட்டு மணி நேரம் ஓடவிட்டா 16 யூனிட். யூனிட் 25 பென்ஸ்னு வச்சாலும் ஒரு ராத்திரிக்கு 4 பவுண்ட், மாசம் 120. மாச வாடகையில ஏழுல ஒரு பங்கு காத்துல போகும். பில்லை ரெண்டாப் பிரிங்க.

கணக்குப்பிள்ளை

வரியில எந்த லாபமும் இல்லை, அதை மட்டும் திரும்பச் சொல்லிக்கிறேன். அப்புறம் கரண்டையும் காஸையும் தனியா வசூல் பண்ணினா நீங்க கட்டின விலைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு விதி இருக்கு. யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜ் பங்கும் எவ்வளவுன்னு கேட்டா பில்லைக் காட்டணும். மாசாமாசம் அந்தக் கணக்கைப் போட வயசான அம்மாவால முடியுமா? ஒரே தொகையா வச்சு, நியாயமான பயன்பாட்டு அளவை ஒப்பந்தத்துல எழுதுங்க: வருஷத்துக்கு இத்தனை யூனிட் வீட்டோட வழக்கம், அதைத் தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு அசல் விலை.

ஸ்பானர்

ஹீட்டர் ஏன் ஓடுது எண்டு முதல் பாருங்கோ. தேர்மோஸ்டாட் கீழ ஹோலில இருக்கும், அது 19 வந்தவுடன பொயிலர் நிண்டிடும், மேல பின்பக்க அறை 15-ல கிடக்கும். ரேடியேட்டருக்கு மேல்பக்கம் குளிர், கீழ்பக்கம் சூடு எண்டா காத்து இருக்கு, ப்ளீட் சாவி போட்டு விடுங்கோ. கீழ்பக்கம் குளிர், மேல சூடு எண்டா சேறு, ஃப்ளஷ் பண்ண வேணும். அதுக்குப் பிறகும் ஹீட்டர் தேவை எண்டா நீங்களே தேர்மோஸ்டாட் உள்ள எண்ணெய் ரேடியேட்டர் ஒண்டு வாங்கி வையுங்கோ. அதை எக்ஸ்டென்ஷனில குத்த விடாதேங்கோ, நேரா சுவர் சொக்கற்றில.

அறைக்காரன்

லாட்ஜரா இருக்கறவங்க என்ன பார்ப்பாங்கன்னும் யாராவது சொல்லணும். நல்ல ஆள் தங்கணும்னா இதுதான் முக்கியம்.

ஃப்ரிட்ஜ்ல ஒரு முழுத் தட்டு, ஃப்ரீசர்ல ஒரு டிராயர், கிச்சன்ல ஒரு கப்போர்ட், பாத்ரூம்ல ஒரு ஷெல்ஃப். இந்த நாலும் குடிவர்ற அன்னைக்கே காலியா இருக்கணும். "நகர்த்தி வச்சுக்கோப்பா"ன்னா அது நடக்காது. கட்டில் வெளிச்சுவரை ஒட்டி இருந்தா மெத்தைக்குப் பின்னாடி பூஞ்சை வரும், ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்க. துணி உலர்த்த ஒரு இடம் காட்டுங்க. காட்டலைன்னா ரேடியேட்டர் மேலதான் போடுவாங்க, அந்த ஈரம் முழுக்கச் சுவர்ல போய் உட்காரும்.

கிச்சன் ஹூட் பத்தி ஒரு வார்த்தை. கரி ஃபில்டர் மட்டும் வச்சுக் காத்தைத் திருப்பி உள்ளயே விடற ஹூடுனா ஈரத்தை எடுக்காது, கருவாடு பொரிச்ச வாசனையும் மாடி வரைக்கும் போகும். குழாய் வெளியே போகுதான்னு தீப்பெட்டி அளவு டிஷ்யூவை ஹூடுக்குக் கீழ வச்சுப் பார்த்தாத் தெரியாது, ரெண்டு வகையும் இழுக்கும். வெளிச்சுவர்ல காத்துத் துவாரம் இருக்கான்னு தோட்டத்துல நின்னு பாருங்க.

சாப்பாட்டு விதி இருந்தா அறையைக் காட்டற அன்னைக்கே சொல்லிடுங்க. மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது, செவ்வாய் வெள்ளி மச்சம் கூடாதுன்னா அதை ஏத்துக்கறவங்க இருக்காங்க. குடிவந்து மூணாவது வாரம் தெரிஞ்சாத்தான் மனக்கசப்பு.

முக்கியமா, அறைக்குள்ள வர்றது. சாவி அம்மாகிட்ட இருக்கலாம், சட்டப்படியும் இருக்கறது நல்லது. ஆனா ஆள் இல்லாதப்போ உள்ள போய் ஜன்னலைத் திறக்கறது, பெட்ஷீட்டை மடிக்கறதெல்லாம் அன்பாப் பண்ணினாலும் லாட்ஜருக்குக் கஷ்டமா இருக்கும். வாரம் ஒரு நாள் பெருக்கறதுன்னு ஒப்பந்தத்துல போட்டு அந்த நாள்ல மட்டும் போங்க.

வீட்டுச்சாவி

அறைக்காரன் சொன்ன அந்த வாராந்திரப் பெருக்கல் லாட்ஜர்ங்கற நிலையைச் சட்டப்படியும் பலப்படுத்தும், நல்ல யோசனை.

இனி அந்த விளம்பரம். "தமிழ் ஆக்கள் மட்டும்"னு ஒட்டாதீங்க. சமத்துவச் சட்டத்துல, வீட்டுக்காரர் கூடவே வாழ்ந்து வசதிகளைப் பகிர்ற சின்ன வீட்டுக்கு விலக்கு இருக்கு, அதனால "பெண்கள் மட்டும்"னு கேட்கலாம். ஆனா இனம்ங்கற விஷயத்துல மட்டும் அந்த விலக்கு செல்லாது; நிறம், தேசியம், பூர்வீகம் எல்லாம் இனம்ங்கறதுல அடக்கம். விளம்பரத்தைத் தமிழ்ல எழுதலாம், தமிழ்க் கடையில ஒட்டலாம். வேற ஒருத்தர் கேட்டு வந்தா தமிழர் இல்லைங்கறதுக்காக மறுக்கக் கூடாது.

அடுத்தது ரைட் டு ரென்ட் சோதனை, அதாவது வர்ற ஆளுக்கு இந்த நாட்டுல வாடகைக்கு இருக்க உரிமை இருக்கான்னு ஆவணம் பார்க்கறது. 2016 பிப்ரவரி 1-ல இருந்து இங்கிலாந்து முழுக்க லாட்ஜருக்கும் கட்டாயம். தெரிஞ்ச பையன், ஊர்க்காரங்க பிள்ளைன்னு விட்டுடறதுதான் நம்ம ஆட்கள்கிட்ட அதிகம். 2024 பிப்ரவரி 13 முதல் முதல் தடவைக்கு ஒரு லாட்ஜருக்கு 5,000 பவுண்ட் வரை அபராதம், மறுபடியும்னா 10,000 வரை.

பிரிட்டிஷ், ஐரிஷ் பாஸ்போர்ட்னா அசலைக் கையில வாங்கி, ஆளை எதிர்ல வச்சுப் பார்த்து, நகல் எடுத்து, அதுல "சோதித்த தேதி"ன்னு எழுதி வைங்க. காலாவதியான பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் செல்லும். ஈவிசா (இணையத்துல மட்டும் இருக்கற விசா) ஆட்கள்னா அவங்க தர்ற ஒன்பது எழுத்து ஷேர் கோட் வாங்குங்க. வாடகைக்கான கோட் "ஆர்" எழுத்துல தொடங்கும், 90 நாள் செல்லும். வேலைக்கான கோடைக் கொடுத்தா இங்க எடுக்காது. அரசு இணையதளத்துல வீட்டுக்காரர் பக்கத்துல அந்தக் கோடும் பிறந்த தேதியும் போட்டா படத்தோட விவரம் வரும், அந்தப் பக்கத்தைச் சேமிங்க. அவங்க போன்ல காட்டற ஸ்க்ரீனைப் பார்க்கறது சோதனை ஆகாது, பழைய பிஆர்பி (குடியிருப்பு அனுமதி) கார்டும் செல்லாது. ஒப்பந்தம் தொடங்கறதுக்கு முந்தின 28 நாளுக்குள்ள இதைச் செய்யணும், நகலை அவர் காலி பண்ணி ஒரு வருஷம் வரைக்கும் வச்சிருக்கணும். விசாவுக்கு முடிவுத் தேதி இருந்தா அதுக்கு முன்னாடி மறுசோதனை, குறைஞ்சது 12 மாச இடைவெளி உண்டு. வர்றவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யுங்க, பேரையும் முகத்தையும் பார்த்துச் சிலருக்கு மட்டும் செய்யறது தனித் தப்பு.

மகள் கூட இருந்து உதவலாம், ஆனா பொறுப்பு அம்மாவோடது.

ஈஸ்ட்ஹாம்_மகள்

எல்லாருக்கும் நன்றி. ஹொப் வேண்டாம், ஷவர் மட்டும் எண்டு அண்ணாவுக்குச் சொல்லிப்போட்டன். டெபொசிட் எவ்வளவு வாங்கலாம்? அதை டெபொசிட் பாதுகாப்பு ஸ்கீமில போட வேணுமோ? ஆள் போகமாட்டன் எண்டு நிண்டா உண்மையில என்ன செய்யிறது?

வீட்டுச்சாவி

லாட்ஜர் டெபாசிட்டை ஸ்கீம்ல போடச் சட்டம் சொல்லலை. அது அஷ்யூர்ட் டெனன்சிக்குத்தான் (வீட்டுக்காரர் கூட இல்லாத வழக்கமான வாடகைக் குடித்தனம்). ஆனா 2019 கட்டணச் சட்டம் லாட்ஜருக்கும் பொருந்தும்: அதிகபட்சம் ஐந்து வார வாடகை. 850 × 12 ÷ 52 × 5 = 980 பவுண்ட் 76 பென்ஸ். அறையைப் பிடிச்சு வைக்க முன்பணம் ஒரு வாரம் மட்டும், 196 பவுண்ட் 15 பென்ஸ். ரெஃபரன்ஸ் கட்டணம், காலி பண்றப்ப கட்டாய க்ளீனிங் கட்டணம் இதெல்லாம் வாங்கக் கூடாது. டெபாசிட்டை அம்மாவோட செலவுக் கணக்குல கலக்காம தனி சேமிப்புக் கணக்குல வைங்க.

வாடகை வாரத்துக்குன்னு வச்சா ரென்ட் புக் கொடுக்கணும்னு 1985 சட்டம் சொல்லுது, இது பலருக்குத் தெரியாது. மாசத்துக்குன்னு வச்சு ஸ்டாண்டிங் ஆர்டர் போடச் சொல்லுங்க.

2026 மே 1 முதல் செக்‌ஷன் 21 (காரணம் சொல்லாம காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ்) இல்லைன்னு வாட்ஸ்அப்ல சுத்தறதைப் பார்த்துப் பயந்திருந்தா, அது அஷ்யூர்ட் டெனன்சிகளுக்கு. கிச்சனைப் பகிர்ற லாட்ஜருக்கு அந்த நடைமுறை எப்பவுமே இருந்ததில்லை.

போகலைன்னா: நோட்டீஸை வாய்மொழியாவும் தரலாம், ஆனா எழுதித் தாங்க. தேதி, கடைசி நாள், சாவி ஒப்படைக்கற நேரம். முதல் ஆறு மாசம்னு குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தா, இடையில முடிக்கலாம்ங்கற நிபந்தனை அதுல இல்லாம நடுவுல அனுப்ப முடியாது. அதனால "எந்தப் பக்கமும் 28 நாள் எழுத்து நோட்டீஸ்"னு முதல்லயே எழுதுங்க. அந்த நாள் தாண்டினப்புறம் அவர் வெளியே போயிருக்கற நேரத்துல பூட்டை மாத்தலாம். அவர் உள்ளே இருக்கறப்ப தள்ளி வெளியேத்தறது, கதவை உடைக்கறது, கரண்ட்டை நிறுத்தறது, மிரட்டறது எதுவும் கூடாது, அது குற்றம். சாமானைத் தெருவுல வைக்கக் கூடாது. பட்டியல் எடுத்து, படம் பிடிச்சு, பையில கட்டி ஒரு இடத்துல வச்சுட்டு, எந்த நாள்ல வந்து எடுக்கலாம்னு எழுதி அனுப்புங்க. அம்மா தனியா இருக்காங்கங்கறதால அன்னைக்கு நீங்களும் அண்ணாவும் கூட இருங்க.

மீட்டர்_ரீடிங்

ரெண்டு சேர்க்கறேன். வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு லாட்ஜர் விஷயத்தைச் சொல்லி எழுத்துல பதில் வாங்குங்க. பல பாலிசியில லாட்ஜர் வந்தப்புறம் பூட்டை உடைச்சு நடந்த திருட்டுக்கு மட்டும்தான் பணம். லாட்ஜர் சாமான் அதுல சேராது, அவர் தனியா எடுக்கணும். மூணு மாசம் ஊருக்குப் போறதையும் அதே கடிதத்துல எழுதுங்க. மோர்கேஜ் இருக்கறவங்க பேங்க்கிட்டயும், லீஸ்ஹோல்ட் ஃப்ளாட்காரங்க லீஸையும் பார்க்கணும்.

அப்புறம் அந்த இன்னொரு அறை. ரெண்டாவது லாட்ஜர் வரைக்கும் சரி, மூணாவது ஆள் வந்தா வீடு எச்எம்ஓ (பல குடித்தனம் பகிர்ற வீடு) ஆயிடும். லாட்ஜரோட மனைவி ஊர்ல இருந்து வந்து "கொஞ்ச நாள்" தங்கறதும் ஆள் கணக்குதான். அவங்களுக்கும் ரைட் டு ரென்ட் பார்க்கணும், கவுன்சில் டாக்ஸும் மாறலாம். விருந்தாளி வாரம் ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கக்கூடாதுன்னு எழுதிடுங்க.

அறைக்காரன்

விளம்பரத்துக்கு ஒரு வடிவம், தேவைப்பட்டா மாத்திக்குங்க:

"ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் பக்கம், வயதான அம்மா வாழும் அமைதியான வீட்டில் ஒரு ஒற்றை அறை. பெண்களுக்கு மட்டும். கட்டில், மேசை, அலமாரி உண்டு. குசினி பொது, காலைச் சாப்பாடு சேர்த்து. வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. மாதம் 850, பில் உட்பட (நியாயமான பயன்பாடு). டெபாசிட் ஐந்து வாரம். ரைட் டு ரென்ட் ஆவணம் தேவை. மாணவர்களும் கேட்கலாம்."

ஸ்பானர்

ஷவர் போட முதல் ஒரு கேள்வி. பொயிலர் கொம்பியோ (தாங்கி இல்லாம அப்பப்ப சுடவைக்கிறது), மேல தண்ணித் தாங்கி வச்சதோ? கொம்பி எண்டா ரெண்டு ஷவரும் ஒரே நேரம் திறந்தா ரெண்டும் சொட்டும். மின்சார ஷவர் போடுறதெண்டா ஃபியூஸ் போர்ட்டில இருந்து தனி கேபிள் இழுக்க வேணும், 9.5 கிலோவாட்டுக்கு 40 அம்பியர் அளவில இழுக்கும். பழைய டெரஸ் வீட்டு மெயின் ஃபியூஸ் 60 எண்டா அதையும் பார்க்க வேணும். ஃபியூஸ் போர்ட்டின்ர படத்தையும் பொயிலர் மொடலையும் இங்க போடுங்கோ, பார்த்துச் சொல்லுறன்.